ஈ.பி. குழந்தை: தூக்குவது, கட்டுப் போடுவது, குளிப்பாட்டுவது

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈ.பி. என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எல்லோரும் குழந்தையைத் தொடவே பயப்படுவார்கள். தொடலாம். தோலின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் புரதம் பிறவியிலேயே சரியில்லை, அதனால் உரசினாலும் இழுபட்டாலும் தோல் பிரிந்து கொப்புளமாகிறது. நேராக அழுத்துவதை ஓரளவு தாங்கும். தேய்க்காமல் ஒற்றுங்கள், இழுக்காமல் தாங்குங்கள்.

தூக்கும்போது அக்குளில் கைகொடுக்காதீர்கள். ஒரு கை புட்டத்துக்கு அடியில், ஒரு கை பிடரியில். கைக்குழந்தை என்றால் மெத்தையோடு சேர்த்தே தூக்குங்கள். சட்டையை உள்புறம் வெளியே வரும்படி போட்டால் தையல் உறுத்தாது. அரைஞாண், கொலுசு வேண்டாம். பாட்டியோடு சண்டை வரும், வரட்டும்.

கொப்புளத்தை உடைக்கக் கூடாது என்று ஊரே சொல்லும். ஈ.பி.யில் விட்டுவைத்தால் உள்ளே நீர் கோத்து, பக்கத்துத் தோலையும் பெயர்த்துக்கொண்டு பெரிதாகும். கையை நன்றாகக் கழுவி, அப்போதுதான் பிரித்த ஸ்டெரைல் ஊசியால் கொப்புளத்தின் தாழ்வான ஓரத்தில் குத்தி, காஸ் துணியால் மெதுவாக அமுக்கி நீரை வெளியே எடுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது, அடியில் இருக்கும் புண்ணுக்கு அதுதான் மூடி. முதலில் நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது செய்து பழகிக்கொள்ளுங்கள். மேலே போட ஒட்டாத சிலிகான் கட்டுதான் நல்லது, ஆனால் விலை கையைக் கடிக்கும். கிடைக்காத நாளில் வாஸ்லின் தோய்ந்த காஸ். பிளாஸ்திரி மட்டும் படவே கூடாது. கட்டு ஒட்டிக்கொண்டால் பிடுங்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள்.

குளிக்கும் நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்தால் புண் அவ்வளவாக எரியாது. மஞ்சள், டெட்டால் பக்கம் போகாதீர்கள்.

புது ஆஸ்பத்திரிக்குப் போனால் "பிளாஸ்திரி ஒட்டாதீர்கள், பிபி பட்டைக்கு அடியில் துணி சுற்றுங்கள்" என்று ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்திருங்கள், அவசரத்தில் வாயால் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

ஈ.பி.யில் சில வகைகள் உண்டு. அதில் டிஸ்ட்ரோபிக் என்ற, புண் ஆழமாகித் தழும்பு விழும் வகையில் உணவுக்குழாயும் சுருங்கலாம். ஆறிய குழைசாதம் சரி, முறுக்கு வேண்டாம். அந்த வகைக்கு, புண்ணில் தடவும் மரபணு ஜெல் ஒன்றை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது, நம் கைக்கு எட்டும் விலை இல்லை. பிள்ளை வளர்ந்த பிறகு ஒரு புண் மட்டும் ஆறாமல் தடித்துக்கொண்டே போனால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், இந்த வகையில் தோல் புற்றுநோய் இளம் வயதிலேயே வரலாம்.

அடுத்த குழந்தைக்கு யோசிப்பவர்கள் அதற்கு முன்பே மரபணுப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெற்றோர் இருவரும் நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு ஈ.பி. வர 25 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் கட்டாயம் கேளுங்கள்.