டாண்டம் சைக்கிள் கிளப் ஆரம்பிக்கப் போகிறீர்களா? முதலில் கேப்டன்களைப் பிடியுங்கள்

ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆர் பக்கம் போனால் சைக்கிள்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் நாலு பேர் சேர்ந்து டாண்டம் (இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்) கிளப் ஒன்று தொடங்கலாம் என்று நினைத்தால், உடனே வண்டி வாங்க ஓட வேண்டாம். பின் சீட்டுக்கு ஆள் தானாக வரும்: பார்வையற்றவர்கள், சைக்கிளே பழகாதவர்கள், சென்னை டிராஃபிக்கில் தனியாக ஓட்டப் பயப்படுகிறவர்கள். வாராவாரம் சொன்ன நேரத்துக்கு வந்து முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டும் கேப்டன்தான் கிடைக்கமாட்டார். இரண்டு வண்டி என்றால் நாலு கேப்டனாவது கையில் இருக்கட்டும், ஏனென்றால் ஒரு கேப்டன் தூங்கிவிட்டால் ஐந்து மணிக்கே கிளம்பி வந்து நிற்கும் இன்னொருவரின் ஞாயிறும் போச்சு.

அடுத்து, இடம். டாண்டம் கிட்டத்தட்ட எட்டு அடி நீளம், சாதாரண லிஃப்டில் ஏறாது, காரின் பின்னால் மாட்டினால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ரைடு எங்கே தொடங்குமோ அங்கேயே பக்கத்தில் யார் வீட்டு கார் ஷெட்டிலாவது இடம் கேட்டுவைத்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். இரண்டு பேர் எடையும் இரண்டே சக்கரத்தில் இறங்குவதால் ஸ்போக்கும் பிரேக்கும் சீக்கிரம் தளரும், மாதம் ஒருமுறையாவது கோட்டம் எடுக்க வேண்டும். இரண்டு பெடல்களையும் இணைக்கும் செயின் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அது தொங்கினால் கழன்றுவிடும், கிளம்பும் முன் விரலால் அழுத்திப் பாருங்கள். பின்னால் இருப்பவரின் ஹேண்டில்பார் கேப்டனின் சீட் கம்பியில்தான் மாட்டியிருக்கும், ஆக கேப்டன் மாறி சீட்டை ஏற்றி இறக்கினால் அதுவும் நகரும். ஒவ்வொருவருடைய உயரத்துக்கும் கம்பியில் ஒரு கலர் இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்தால் காலையில் கால் மணி நேரம் மிச்சம்.

புதியவர்களை முதல் நாளே சாலையில் இறக்காதீர்கள், பள்ளி மைதானம் போதும். பார்வையற்றவர் என்றால் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை வண்டி முழுக்க அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெள்ளைக் கோலை மடித்து ஃபிரேமில் வெல்க்ரோ போட்டுக் கட்டிவிடலாம். ஏறும் முறைதான் முக்கியம். கேப்டன் முதலில் ஏறி, இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து, கால்களை நன்றாக அகட்டித் தரையில் ஊன்றி நிற்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் பெடல் சுற்றும்போது முன் பெடலும் சுற்றி முழங்காலுக்குக் கீழே பதம் பார்க்கும். அப்புறம் பின்னவர் ஏறி இரண்டு காலையும் பெடலில் வைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி கேப்டன் கேட்கும் இடத்தில் நிறுத்துவார். “ரெடி” என்று பின்னாலிருந்து வந்த பிறகுதான் ஒன்று, இரண்டு, மூன்று. சிக்னலில் கேப்டன் மட்டும் கால் ஊன்றினால் போதும், பின்னவர் சீட்டிலேயே இருக்கலாம்.

கிளம்பிய பிறகு கேப்டனுக்கு வாய் ஓயக் கூடாது. “பள்ளம்”, “பிரேக்கர்”, “கியர்”, “நிறுத்துறேன்”, “மிதிக்காதே” எல்லாம் முன்கூட்டியே வர வேண்டும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர் பாதிக்கு வெள்ளைக் கோடே கிடையாது, சொல்லாமல் ஏற்றினால் பின்னவர் முதுகெலும்புதான் வாங்கிக்கொள்ளும். யு-டர்னுக்கும் நிறைய இடம் வேண்டும், சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளித் திருப்புங்கள். சமதளத்தில் இரண்டு பேர் மிதிப்பதால் வண்டி பறக்கும், மேம்பாலத்தில் மூச்சு வாங்கும். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய் வந்தால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழகியவர்களுக்கு அது சரியான தூரம், கார்கள் கூடும் முன் திரும்பிவிடுங்கள்.

சந்தா விஷயத்தில் என் கருத்து கறார்: முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் எல்லோருக்கும் ஒரே தொகை. பின்னவருக்கு இலவசம் என்றால் அது சேவையாகிவிடும், கேப்டன்கள் போட்டோவுக்கு மட்டும் வர ஆரம்பிப்பார்கள். பாராலிம்பிக்ஸில்கூட டாண்டம் ஜெயித்தால் இரண்டு பேருக்கும்தான் மெடல்.

ஜோடிகளை மாற்றிக்கொண்டே இருங்கள். ரைடு முடிந்து டீ குடிக்கும்போது, இதே கேப்டனோடு மறுபடி போகிறீர்களா என்று பின்னவரைத் தனியாகக் கேளுங்கள், கேப்டன் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் “நல்லா ஓட்டினார் சார்” என்றுதான் சொல்வார்கள்.