மாணவர்களை விளையாட்டு வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி?

முதன்முறை மாணவர்களை அழைத்துச் சென்றபோது ஆளுக்கொரு வினாத்தாள் கொடுத்தேன். இருபது கேள்விகள். பிள்ளைகள் விளக்கப் பலகைகளைப் பார்த்து மும்முரமாக எழுதினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிறகுதான் இந்த முறைக்கு வந்தேன்.

படி 1: முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்

எல்லாவற்றையும் காட்டிவிட ஆசைப்படாமல் மூன்றே பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டக் காலணி, பதக்கம், பழைய குழுப் புகைப்படம் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு, பெற்றோர் ஒப்புதல், கழிப்பறை இருக்குமிடம் எல்லாம் வழக்கம்போல்தான்.

படி 2: முந்தைய நாள் மைதானத்தில் ஒரு கோடு

8.90 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் கோடு போடுங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், நீளம் தாண்டுதலில் அமெரிக்க வீரர் பாப் பீமன் தாண்டிய தூரம் அது. அங்கிருந்த ஒளியியல் அளவுக் கருவிக்கே எட்டாமல், நாடா கொண்டுவந்து அளந்தார்கள். காலடி வைத்து நடந்து பார்க்கும் பிள்ளைகள் பாதியிலேயே வாயைப் பிளப்பார்கள்.

படி 3: பொருளின் முன் பத்து நிமிடம்

ஆறேழு பேருக்கு ஒரு பெரியவர். முதல் ஐந்து நிமிடம் பேச்சில்லை. பொருளைப் பென்சிலால் வரைய வேண்டும். பலகையைப் படிப்பது அதன் பிறகே. இந்த வரிசையை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்துக் கேள்வி. காலணி என்றால், இது எந்தத் தரையில் ஓடியது? 1936 பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 நொடியில் ஓடி வென்றது கரித்துகள் பரப்பிய தடத்தில். கால் ஊன்றிப் புறப்பட, கொத்துக்கரண்டியால் குழி தோண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதே தூரத்துக்கு, செயற்கைத் தடத்தில், 2009-இல் உசைன் போல்ட் எடுத்துக்கொண்டது 9.58 நொடி. இந்த வித்தியாசத்தில் காலின் பங்கு எவ்வளவு, தரையின் பங்கு எவ்வளவு? வாதாடவிடுங்கள், விடை சொல்லாதீர்கள்.

பதக்கத்தின் முன், 1896 ஏதென்ஸில் முதலிடம் பெற்றவருக்குக் கிடைத்தது வெள்ளி என்று சொன்னால் போதும், கேள்விகள் தாமாக வரும். புகைப்படத்தில் யார் இல்லை என்று கேளுங்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் முதலில் களமிறங்கியது 1900-இல், பாரிஸில்.

படி 4: திரும்பிய பிறகு

கட்டுரை வேண்டாம். பள்ளி அலமாரியில் தூசி படிந்த கோப்பை ஒன்று இருக்குமே, அதற்கு நாற்பது சொற்களில் விளக்கப் பலகை எழுதச் சொல்லுங்கள். அதை வென்றது யார் என்று தேடி, பிள்ளைகள் பழைய பதிவேடுகளைக் கேட்டு உங்களிடம் வருவார்கள். சாவியைக் கையில் வைத்திருங்கள்.