பேபிலேபில் போஸ்ட்டாக் வேலை: விண்ணப்பம் போடும் முன் செய்ய வேண்டியவை

சின்னக் குழந்தைகள் பேச்சில் வரும் சொற்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று ஆராயும் லேபில் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்தவர்களுக்கான தற்காலிக ஆய்வு வேலை) இடம் காலி என்று பார்த்ததும், பழைய கவர் லெட்டரில் பேராசிரியர் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். நான் அப்படி மூன்று இடங்களுக்கு அனுப்பி, ஒன்றிலிருந்துகூடப் பதில் வராமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த லேப் எந்தக் கேள்வியின் பின்னால் போகிறது என்று பாருங்கள். முறை பெரும்பாலும் ஒன்றுதான்: திரையில் இரண்டு படம், காதில் ஒரு சொல், குழந்தையின் கண் எங்கே போகிறது என்ற பதிவு. ஆனால் கேள்விகள் வேறு. ஸ்டான்போர்டில் ஆன் ஃபெர்னால்டின் குழு 1998இல் பார்த்தது வேகத்தை: 15 மாதக் குழந்தை சொல் முடிந்த பிறகுதான் சரியான படத்துக்குக் கண்ணைத் திருப்பியது, 24 மாதக் குழந்தை சொல் முடியும் முன்பே திருப்பிவிட்டது. 2000இல் ஸ்விங்லி, ஆஸ்லின் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தது நுணுக்கத்தை. 'பேபி'யை 'வேபி' என்று தப்பாகச் சொன்னால் 18 முதல் 23 மாதக் குழந்தைகள் சரியான படத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஆனால் தடுமாறுகிறார்கள். விளம்பரம் கொடுத்தவரின் கடைசி நான்கைந்து கட்டுரைகளைப் படித்தால் அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம், டேட்டாவில் கை வையுங்கள். பீக்பேங்க் என்ற திறந்த தளத்தில் இந்த மாதிரிச் சோதனைகளின் கண் அசைவுப் பதிவுகள் நிறைய இருக்கின்றன. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இறக்கி ஒரு வரைபடம் போடுங்கள், சொல் தொடங்கியதும் வரும் முதல் 300 மில்லிசெகண்டை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை (கண் திரும்பவே அவ்வளவு நேரம் பிடிக்கும்) என்று இரண்டு வரி எழுதுங்கள், எழுதிய நிரலை கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) போட்டு லிங்க்கை விண்ணப்பத்தில் சேருங்கள். 'எனக்கு ஆர்வம் அதிகம்' என்ற பத்தியைவிட இது நன்றாக வேலை செய்யும்.

குழந்தைகளோடு பழகிய அனுபவத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தையை ஐந்து நிமிடம் அம்மா மடியில் அழாமல் உட்கார வைப்பது, அம்மாவின் பார்வை குழந்தைக்குக் குறிப்புக் கொடுக்காதபடி அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது, அழுதுவிட்டால் சிரித்துக்கொண்டே நிறுத்துவது, எல்லாம் வேலைதான்.

தமிழ் தெரிந்தால் அதைச் சி.வி.யின் கடைசி வரியில் ஒளிக்காதீர்கள். ஆங்கிலத்தில் 'வேர் இஸ் த' என்று தொடங்கி, குழந்தை தயாரான பிறகு நாய் வருகிறது. நம்மிடம் 'நாய் எங்கே?' என்று நாய்தான் முதலில் வருகிறது, போதாததற்கு 'நாயை', 'நாய்க்கு' என்று வால் வேறு. இதையே ஒரு பக்க ஆய்வுத் திட்டமாக எழுதலாம்.

பணம்: அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தரும் எஃப்32 என்ற போஸ்ட்டாக் உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டும். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு எந்த நாட்டவரும் போடலாம். பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

நேர்காணலில் நீங்களும் ஒன்று கேட்க வேண்டும்: வாரத்துக்கு எத்தனை குழந்தைகள் லேபுக்கு வருகிறார்கள்? ஒப்பந்தம் இரண்டு வருடம், வருவது வாரத்துக்கு இரண்டு குழந்தை என்றால், அழுது பாதியில் போகிறவர்களையும் கழித்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.