ஹைக்கூ சொன்னதையே படத்திலும் கீறாதீர்கள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் நின்று கடல்நீரேரியையும் கொக்கையும் கீறிவிட்டு, பக்கத்தில் ‘நீல நீர், வெண்கொக்கு’ என்று எழுதினால் அது கவிதையில்லை, படத்துக்குப் போட்ட பெயர்ப்பலகை. குறுங்கவிதையான ஹைக்கூவையும் ஓவியத்தையும் ஒரே தாளில் சேர்க்கும் ஜப்பானியக் கலைக்கு ஹைகா என்று பெயர். அதில் பேர்போன யோசா புசோன் (1716–1784) கவிஞர், ஓவியர் இரண்டும்தான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: கவிதையில் வரும் முக்கியமான பொருளைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உதாரணமாக,

கொக்கு எழுந்த பின்னும்
ஆடிக்கொண்டிருக்கிறது
கண்டல் கிளை

இதற்குக் கொக்கு கீறத் தேவையில்லை. சற்று வளைந்த ஒரு கிளை, கீழே இரண்டு மூன்று நீர்க்கோடுகள் போதும். பறவையை வாசிப்பவரே பறக்கவிடுவார். ஹைக்கூவின் மூன்று அடிகளிலும் முறையே 5-7-5 அசை என்ற கணக்கு ஜப்பானிய மொழிக்கானது. தமிழில் அதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

தாளில் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும். எழுத்தை எங்கே வைப்பது என்று குழப்பமா? கவிதையை மெல்லிய எண்ணெய்த்தாளில் எழுதி, படத்தின்மேல் அங்கும் இங்கும் நகர்த்திப் பாருங்கள். பனைமரம் கீறியிருந்தால் வரிகளை மரத்தோடு ஒட்டாமல் வானப்பக்கம் தள்ளி வைப்பதுதான் எனக்கு வடிவாகப் படுகிறது.

நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் நல்லது, அவ்வளவாகச் சுருளாது. மாரி காலத்தில் காய நேரமெடுக்கும். அப்புறம், நீரில் கரையாத மைப்பேனையால் எழுதுங்கள். சாதாரண ஜெல் பேனை ஈரத்தில் ஊறி, புள்ளிகளெல்லாம் பொட்டாகிவிடும்.