பனியன் கம்பெனிப் பெண்கள் பேறுகாலப் பணத்தை இழக்காமல் பெறுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், கைமடி, பேக்கிங் பிரிவுகளில் வேலை பார்க்கும் பெண்கள் பலர், ஏழாம் மாதம் ஆனதும் எதுவும் கேட்காமல் வேலையிலிருந்து நின்றுவிடுகிறார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் அன்றோடு வாரச் சம்பளம் நின்றுவிடுகிறது. அதன்பிறகு ஆஸ்பத்திரிச் செலவு, வாடகை எல்லாம் வட்டிக் கடனில்தான் ஓடும். இவர்களில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு 26 வாரச் சம்பளம் சட்டப்படி உரியது என்பது கடைசிவரை அவர்கள் காதுக்கே எட்டுவதில்லை.

ஆகவே நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே செய்ய வேண்டிய முதல் வேலை, இஎஸ்ஐ கணக்கைப் பார்ப்பது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு உங்களிடம் பிடிக்கப்படும்; நிறுவனம் 3 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பதை, உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இஎஸ்ஐ இணையதளத்தில் மாதவாரியாகப் பார்க்கலாம்.

பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது நாள் கணக்கு. இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம் (இஎஸ்ஐ பணம் கட்டப்படும் ஆறு மாதம்), அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பிரசவம் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் என்றால், அதற்கு முந்தைய ஏப்ரல்–செப்டம்பரும் அதற்கும் முந்தைய அக்டோபர்–மார்ச்சும் சேர்ந்து 70 நாட்களுக்காவது உங்கள் பெயரில் பங்களிப்பு இருக்க வேண்டும். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் என்றால், அந்த ஆண்டு மார்ச்சில் முடிந்த ஆறு மாதமும் அதற்கு முந்தைய ஆறு மாதமும் கணக்கு. தீபாவளி முடிந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்து மார்ச்சில் குழந்தை பெறும் பெண், ஒருநாள் விடாமல் வேலைக்குப் போயிருந்தாலும் அந்த நாட்கள் இந்தக் கணக்கில் வாரா. அடிக்கடி கம்பெனி மாறுபவர்கள் ஒவ்வோர் இடத்திலும் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் போட்டுவிட்டால் நாட்கள் இரண்டு எண்களில் சிதறி, இரண்டிலும் 70 தேறாமல் போகக்கூடும்.

அடுத்தது, கணக்கில் காட்டப்படும் சம்பளம். கையில் 450 ரூபாய் கொடுத்துவிட்டு ஏட்டில் 300 என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பிடித்தம் குறைகிறதே என்று நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம். பேறுகாலத் தொகை ஏட்டில் உள்ள சராசரி நாள் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 26 வாரம் என்பது 182 நாள்: 450 வீதம் 81,900 ரூபாய், 300 வீதம் 54,600. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சொச்சம் பிடித்தம் குறைந்ததற்காக 27,300 ரூபாய் போய்விடுகிறது. இதைக் கர்ப்பத்துக்கு முன்பே கேட்டுச் சரிசெய்துகொள்வது நல்லது.

இஎஸ்ஐ மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ பதிவு செய்து சான்று பெற்று, கிளை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மொத்தமே 12 வாரம்தான். கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இதே உரிமைதான்.

ஏழாம் மாதத்தில் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து, குழந்தை பிறந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். அது ராஜினாமாக் கடிதமாக இருக்கலாம். பேறுகால விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்குவதைச் சட்டம் தடை செய்கிறது, தானாகவே விலகியதாக எழுதிக் கொடுத்தவருக்கோ அந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாதாடுவது மிகவும் கடினம். விடுப்புக் கடிதத்தை நீங்களே எழுதி, தேதி போட்டு, கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்ஐ இல்லாத சிறு யூனிட்டுகளில் வேலை செய்பவர்களும் வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுப்பவர்களும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை நாடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாய் தவணைகளாகக் கிடைக்கிறது. கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிவிட வேண்டும். வங்கிக் கணக்கு கணவர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில், ஆதார் இணைப்போடு இருக்கட்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் முன்பே பதிந்திருந்தால், அங்கும் மகப்பேறு உதவி கேட்கலாம்.

குழந்தை பிறந்து சான்றிதழ் கைக்கு வந்ததும், அதன் பெயரை உங்கள் இஎஸ்ஐ குடும்ப விவரத்தில் சேர்த்துவிடுங்கள். குழந்தையின் சிகிச்சைக்கு அதைத்தான் கேட்பார்கள்.