சுவரில் பூஞ்சணமா? பெயின்ற் வாளியைத் திறக்க முதல் இதைச் செய்யுங்கள்

பூஞ்சணத்தை நிறுத்த ஒரே வழி ஈரத்தை நிறுத்துவதுதான். சுவரில் படிந்த தூசு, அலுமாரிப் பலகை, துணி, புத்தகம் எல்லாமே அதற்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை வீட்டிலிருந்து அகற்ற முடியாது. தண்ணீரின் வழியைக் கண்டுபிடிக்காமல் எந்த விலைக்குப் பெயின்ற் வாங்கிப் பூசினாலும் அடுத்த மழைக்கு அதே மூலையில் கறுப்பு வரும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சுவரைக் காயவைத்த வழியை அப்படியே எழுதுகிறேன். கொழும்பில் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். அதற்கு முதலே தொடங்குங்கள்.

படி 1: பூஞ்சணமா, உப்பா?

வெள்ளையாகப் பூத்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு. கறுப்போ பச்சையோ ஆகி, நனைந்தும் போகாமல், நாற்றமும் இருந்தால் பூஞ்சணம். உப்பு என்றாலும் விடக்கூடாது, சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

படி 2: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நேரம் பிடிக்கும் படி இதுதான். எங்களுக்கும் இங்கேதான் நாட்கள் போயின.

முதலில் ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் கோட்டைத் தாண்டினால் வெளிச்சுவர் வெடிப்பையோ யன்னல் விளிம்பையோ பாருங்கள். மேல்வீட்டில் குளித்த பிறகு பெருத்தால் அவர்களுடைய குளியலறைத் தரை அல்லது கழிவுக் குழாய். மழை வெயில் பாராமல் எப்போதும் ஒரே அளவில் ஈரமாக இருந்தால் தண்ணீர்க் குழாய். தரையிலிருந்து எழும்பி ஒரு மீற்றர் அளவோடு நின்றுவிட்டால் அத்திவாரத்து ஈரம். இது பழைய தனிவீடுகளில் அதிகம். மேல்வீட்டு அன்ரியிடம் வெறுங்கையோடு போய்ச் சண்டை பிடிப்பதைவிட, திகதி போட்ட கோடுகளைப் படமெடுத்துக் காட்டுங்கள். பேச்சு சுமுகமாகப் போகும்.

இவை எதிலும் பொருந்தாவிட்டால் பொலித்தீன் சோதனை. சுவரைத் துடைத்து, 45 சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப்பால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சாதாரண ரேப் ஈரச் சுவரில் கழன்றுவிடும், அகலமான துணி ரேப் வாங்குங்கள். பொலித்தீனின் பின்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் நனைந்தால் காற்றிலிருந்து வருகிறது.

எங்களுக்கு நனைந்தது முன்பக்கம், அதுவும் ஏசி அறைக்குள் அல்ல, அந்தச் சுவரின் மறுபக்கத்தில், நடைபாதையில். 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்க்கும். ஏசியை 20இல் இரவு முழுக்க ஓடவிட்டால் சுவரும் குளிர்ந்துவிடும். ‘யன்னலைத் திறந்து வையுங்கள்’ என்று குளிர்நாட்டுக் காணொளிகள் சொல்வது அவர்களுடைய காய்ந்த வெளிக்காற்றுக்குச் சரி. இங்கே ஏசி ஓடும்போது யன்னலைத் திறப்பது ஈரத்தை உள்ளே கூப்பிடுவது.

படி 3: அளந்து பாருங்கள்

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிற்றல் மீற்றர் ஒன்று போதும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடிப் பாருங்கள். அதை நம்ப முதல், ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, மீற்றரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5ஐக் கழித்துக்கொள்ளுங்கள். ஏசி அறையில் 60க்குக் கீழே நிற்பதுதான் இலக்கு.

படி 4: துடைத்தல்

காய்ந்த தும்புத்தடியால் தேய்க்காதீர்கள், பூஞ்சண வித்திகள் வீடெல்லாம் பறக்கும். என்95 மாஸ்க், கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகு துணியால் ஒற்றியெடுத்து, துணியை எறியுங்கள். பிளீச் ரைல்ஸுக்குச் சரி. பூச்சுச் சுவரில் குளோரின் மேலோடு நிற்க, தண்ணீர் மட்டும் உள்ளே போகும். கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைக் கலந்தால் நச்சு வாயு வரும், ஒருபோதும் கலக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஒரு சதுர மீற்றருக்கு மேல் பரவியிருந்தால் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

படி 5: திரும்ப வராமல்

ஏசியை 25 அல்லது 26இல் வையுங்கள். காலையில் நிறுத்தியதும் மின்விசிறியைப் போட்டுச் சுவரின் குளிர் விடும்வரை பொறுத்து, பிறகு யன்னலைத் திறவுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டிகள் மூடிய அலுமாரிக்குத்தான் உதவும், அறைக்குப் போதாது. பொலித்தீனை மறுபடி ஒட்டி இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் மட்டும் பெயின்ற். கசியும் சுவரில் உட்பக்கத்தால் ‘வோட்டர்புரூஃப்’ பூசினால் தண்ணீர் வேறு வழி தேடும், பூச்சும் கொப்பளிக்கும்.

நாற்றத்தை மறைக்கும் புகை

ஈரநாற்றம் வந்தால் சாம்பிராணி, அலுமாரிக்குள் பூச்சி உருண்டை என்பதே நம் வழக்கம். நப்தலீன் உருண்டையோடு வைத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போடாதீர்கள், ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். நுளம்புத்திரி இன்னும் மோசம். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு திரி விடும் நுண்துகளை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமாகக் கணித்தது. டெங்குக்குப் பயந்துதான் கொளுத்துகிறோம், ஆனால் மூடிய அறையில் பிள்ளைகள் படுக்கும்போது வேண்டாம். யன்னலுக்குக் கம்பிவலையும் கட்டிலுக்கு நுளம்பு வலையும் போடுங்கள்.

பின்சேர்க்கை: தெஹிவளையிலிருந்து ஒருவர் அஸ்பெஸ்டஸ் கூரையில் படிந்த கறுப்பைப் பற்றிக் கேட்டிருந்தார். அதைச் சுரண்டவோ, அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தால் அடிக்கவோ கூடாது. நார் கிளம்பி நுரையீரலுக்குப் போகும். ஒழுகும் தகட்டை உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்கச் சொல்லுங்கள். கூரை வேலை முடியும்வரை உள்ளே சீலிங் பக்கம் போகவேண்டாம்.