அப்பா போன்ல வர்ற ஸ்பேம் காலை நிறுத்துறது எப்படி

எங்கப்பா ராயக்கோட்டை மண்டிக்கு தக்காளி போடுறவரு. மண்டிலருந்து விலை சொல்லி வர்ற போனை வெச்சுத்தான் அன்னிக்கு ஆள் விட்டு பறிக்கலாமா வேணாமான்னே முடிவு பண்ணுவாரு. போன மாசம் ஒரே நாள்ல லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு பதினோரு கால், வெறுத்துப்போய் சைலண்ட்ல போட்டுட்டாரு, மறுநாள் காலைல மண்டிக்காரர் கூப்பிட்டது தெரியவே இல்ல, நாப்பது பெட்டி தக்காளி செடியிலயே பழுத்து வெடிச்சுப்போச்சு. அந்த ஞாயித்துக்கிழமை அவர் போனை வாங்கி நான் செஞ்சதை அப்படியே எழுதறேன்.

மொதல்ல, பிளாக் பண்ணா போதும்னு விட்டுடாதீங்க. அப்பாவோட பிளாக் லிஸ்ட்டை தள்ளத் தள்ள வந்துட்டே இருந்துச்சு, ஆனா கால் நிக்கல, ஏன்னா அவங்க அடுத்த நாள் வேற நம்பர்ல வர்றாங்க.

மெசேஜ்ல இங்கிலீஷ்ல ஸ்டார்ட்னு அடிச்சு, ஸ்பேஸ் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்க. இதான் டிஎன்டி, அதாவது விளம்பரத் தொல்லை வேண்டாம்னு பதிவு பண்றது. பேங்க் ஓடிபி நின்னுடுமோன்னு அப்பா பயந்தாரு, அது நிக்காது, விளம்பரம் மட்டும்தான் நிக்கும். எது விளம்பரம்னு தெரிய, மெசேஜ் அனுப்பினவங்க பேருக்கு கடைசில ஒரு கோடும் எழுத்தும் இருக்கும் பாருங்க, பி-ன்னா விளம்பரம், ஜி-ன்னா கவர்மெண்ட்.

ஆனா சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர்ல கூப்பிட்டு லோன் விக்கிறவங்க டிஎன்டிக்கெல்லாம் அடங்க மாட்டாங்க. விளம்பர காலுன்னா 140ல தொடங்குற நம்பர்லதான் வரணும், அதை மீறித்தான் கூப்பிடறாங்க, அதனால புகார் குடுத்தே ஆகணும். என்ன பேசினாங்கன்னு ரெண்டு வார்த்தை, கமா, அந்த நம்பர், கமா, தேதி, இவ்ளோதான், அதே 1909க்கு அனுப்பணும், கால் வந்து 7 நாளைக்குள்ள. டெலிகாம் கம்பெனிகளை கண்காணிக்கிற ட்ராய் 2025 பிப்ரவரில விதியை மாத்தினாங்க, 10 நாள்ல ஒரு நம்பர் மேல 5 புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்கணும், முன்னாடி 7 நாள்ல 10 புகார் வேணும். அதனால நான் ஒருத்தன் அனுப்பி என்ன ஆகப்போகுதுன்னு இருக்காதீங்க, அந்த அஞ்சாவது புகார் உங்களோடதா இருக்கலாம்.

வாட்ஸ்அப்ல தெரியாத நம்பர் காலை சைலண்ட் பண்ற வசதி இருக்கு, அப்பாவுக்கு நான் அதை போடல, புது வியாபாரி யாராச்சும் கூப்பிடுவாங்க. குரூப்ல சேக்கறதை மட்டும் காண்டாக்ட்ல இருக்கறவங்கன்னு மாத்திட்டேன். பிஎம் கிசான் பேர்ல ஏபிகே ஃபைல் (ஆப்பை நேரா போன்ல ஏத்துற ஃபைல்) வந்தா தொடவே கூடாது, அதை இன்ஸ்டால் பண்ணா ஓடிபி மெசேஜையே திருடிடுவாங்க. பணமே போயிடுச்சுன்னா வேற எதுவும் யோசிக்காம உடனே சைபர் மோசடி புகாருக்கான 1930க்கு போன் அடிங்க. பணம் போகல, ஏமாத்துற கால்னு சந்தேகம்தான்னா கவர்மெண்டோட சஞ்சார் சாத்தி ஆப்ல சக்ஷுன்னு ஒண்ணு இருக்கு, அதுல போடலாம்.

இன்னொண்ணு, நம்பரை கண்ட இடத்துல எழுதிக் குடுக்காதீங்க. ரவுண்டானா பக்கம் ஒரு கடை திறப்பு விழால குலுக்கல் சீட்டுன்னு அப்பா நம்பர் எழுதிப் போட்டாரு, குக்கர் விழல, அந்த வாரத்துலருந்துதான் இந்த கால் எல்லாம் ஆரம்பிச்சுது.

இப்ப போன் கவருக்குள்ள 1909, 1930 ரெண்டையும் ஒரு சீட்டுல பெருசா எழுதி வெச்சிருக்கேன்.